எட்டுப் பெட்டி, ஒரே சாவி

சாம்பிராணி வாசனை...

அந்த லாட்ஜை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதுதான். வெள்ளிக்கிழமை காலையில் மூன்று மாடிக்கும் தூபக்காலைத் தூக்கிக்கொண்டு போவார்கள். வராந்தா முழுக்கப் புகை. நான் ஏணி மேல் நின்று ஒயர் இழுத்துக்கொண்டே தும்முவேன்.

ஃபயர் அலாரம் வேலைக்கு நான் தனியாக இறங்கிய புதிது. திருவண்ணாமலையில் பெரிய லாட்ஜ் என்று கிடைத்த முதல் வேலை. கால் தரையில் பாவவில்லை.

எந்த இடத்தில் தீ என்று பேனலே எழுத்தில் காட்டுகிற அட்ரஸபிள் சிஸ்டம். சாம்பிராணி போட்டால் வராந்தாவில் இருந்த புகை டிடெக்டர்கள் சும்மா இருக்குமா? வாரா வாரம் அலறின. "சாமி காரியத்துல சத்தம் போடுதுங்க, அதை ஆஃப் பண்ணு" என்றார் மேனேஜர். ஆஃப் செய்தேன். ஆமாம், நான்தான்.

மிச்சம் இருந்தது சுவரில் மாட்டிய சிவப்புப் பெட்டிகள். தீயைப் பார்த்தவர் அழுத்த வேண்டியது. பௌர்ணமிக்கு வந்த ஒரு புண்ணியவான் காபி கேட்க அதை அழுத்தினார். கிரிவலம் சுற்றிவிட்டுப் படுத்திருந்த கூட்டம் மொத்தமும் லுங்கியோடு ரோட்டில் நின்றது... முதலாளிக்கு வந்த கோபத்தில், சாவி போட்டுத் திருப்பினால்தான் அடிக்கிற பெட்டி வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

ஊரில் அது கிடைக்கவில்லை. எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்த என் வகுப்புத் தோழன் பாஷாதான் சென்னையில் சொல்லி வரவழைத்தான். முதலில் வந்ததை எங்கள் பேனல் ஏற்கவில்லை. திருப்பி அனுப்பி, பேனலுக்குப் பொருந்துகிற எட்டுப் பெட்டி வர மூன்று வாரம் ஆனது.

பிரித்துப் பார்த்துவிட்டு பாஷா கேட்டான்.

"சாவி யார்கிட்டடா இருக்கும்?"

"மேனேஜர்கிட்ட."

"அவர் ஒருத்தர்கிட்டயா?"

"நமக்கெதுக்குடா அது? மாட்டச் சொன்னாங்க, மாட்டுறோம்."

அந்த வார்த்தையை இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறையலாம் போல இருக்கிறது.

ஒயர் கோத்து, ஒவ்வொரு பெட்டிக்கும் நம்பர் கொடுத்து, டெஸ்ட் செய்தேன். எட்டுக்கும் ஒரே சாவி. இரண்டாம் மாடியில் ரூம் கூட்டுகிற செல்வி அக்காவைக் கூப்பிட்டு, எப்படித் திருப்புவது என்று காட்டினேன். அவரே இரண்டு முறை திருப்பிப் பார்த்தார்.

"எனக்கு ஒரு சாவி குடுத்துடுங்க தம்பி. நான்தானே நாளெல்லாம் மேல கிடக்குறேன்."

நான் மேனேஜரைப் பார்த்தேன்.

"ஆளாளுக்குக் குடுத்தா ஆளாளுக்குத் திருப்புவாங்க. எல்லாத்தையும் இங்க குடு."

கொடுத்தேன். டெஸ்டுக்கு வைத்திருந்த ஒன்று மட்டும் மறந்துபோய் என் டூல் பையிலேயே தங்கிவிட்டது.

அடுத்த பௌர்ணமிக்கு மறுநாள். காலை பத்து மணி. நடந்து களைத்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார்கள். இரண்டாம் மாடியில் போர்வை, தலையணை உறை அடுக்கி வைக்கிற அறையில் தீ. செல்வி அக்கா பெட்டிக்கு ஓடியிருக்கிறார். கீழே ரிசப்ஷனுக்கு ஓடியிருக்கிறார். மேனேஜர் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு டிபன் சாப்பிடப் போயிருந்தார்.

திரும்ப மேலே ஏறி, ஒவ்வொரு கதவாகத் தட்டியிருக்கிறார். அந்த அறையை ஒட்டியிருந்த கடைசி ரூம் வாசலில் எரிந்துகொண்டு கிடந்த போர்வை மூட்டையை வெறுங்கையால் இழுத்துப் போட்டாராம். உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். அக்காவின் வலது கை வெந்துபோனது.

நான் அப்போது கீழ்பென்னாத்தூரில் ஒரு ரைஸ் மில்லில் வேலையாக இருந்தேன். அந்தச் சாவி என் பையில் இருந்தது.

போர்வை அறையில் இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் விட்டது அக்காதான் என்று சொல்லி அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். என் மேல் ஒரு குற்றமும் இல்லை! எட்டுப் பெட்டியும் நன்றாக வேலை செய்கிறது என்று நான் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட் சரியாகத்தானே இருந்தது.

இப்போது லாட்ஜுக்கு இன்னொரு மாடி ஏறியிருக்கிறது. புது பெயிண்ட். நெட்டில் நாலரை ஸ்டார். நான் இப்போதெல்லாம் மாடிக்கு ஒரு ஆள் கையில் சாவி கொடுத்தால்தான் வேலையை முடித்துக் கொடுப்பேன். அதனாலேயே பாதிப் பேர் இரண்டாவது முறை கூப்பிடுவதில்லை. முதல் வேலை கிடைத்தபோது இருந்த அந்தக் குஷி மறுபடி எந்த வேலையிலும் வரவில்லை.

செல்வி அக்கா செங்கம் ரோட்டில் டீக்கடை போட்டிருக்கிறார். விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டதால் இடது கையால்தான் டம்ளர் நீட்டுவார். ஒரு தடவைகூட என்னைத் திட்டியதில்லை. "நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியேதான் ஓடுனேன் தம்பி. பொட்டிகிட்ட போனப்புறம்தான் சாவி இல்லன்னு ஞாபகம் வந்துச்சு" என்று சிரிப்பார்.

போன வாரம் என் வண்டிச் சாவி வளையத்தைப் பார்த்துக் கேட்டார்.

"இது என்னா தம்பி, குட்டியா ஒரு சாவி?"

"பழைய பீரோ சாவிக்கா" என்றேன்.