தம்பி போட்ட மெட்டு

பல் மருத்துவமனையில் வரிசை எண் கொடுப்பதால் எல்லோருக்கும் அவள் டோக்கன் அக்கா. வீடு திரும்பினால் வேறோர் உலகம். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம் என்றொரு மென்பொருள் தொகுப்பைத் தன்னார்வலர்கள் சிலர் நடத்தினார்கள். அதில் ஓர் எமுலேட்டருக்கு அவள் பொறுப்பாளர். உற்பத்தி நின்றுபோன வீடியோ கேம் பெட்டியைப் போல இன்றைய கணினியை நடிக்க வைக்கும் நிரல் அது. பெற்ற பிள்ளையைப் போல் பேணினாள்.

ஆனால் பிள்ளைக்கு நடுவீட்டில் இடமில்லை. எமுலேட்டர் மட்டும் சுதந்திரமானதாக இருந்தால் போதாது. அதில் ஓட்டுவதற்கு, அதேபோல் யாரும் பகிரலாம் என்ற சுதந்திர உரிமம் கொண்ட விளையாட்டு ஒன்றாவது வேண்டும், இல்லாவிட்டால் முதன்மைத் தொகுப்புக்கு வெளியேதான் என்பது விதி. இருந்தவை எல்லாம் நிறுவனங்களின் சொத்து.

அக்காவின் முகவாட்டம் பொறுக்காமல் தம்பி ஒரு விளையாட்டு எழுதினான். படிகளில் தாவும் தவளை. மெட்டும் தான் போட்டதுதான் என்று சாப்பாட்டு மேசையில் தாளம் தட்டிக் காட்டினான். முழுக்க என் தம்பியின் கைவேலை, நான் பொறுப்பு என்று அவள் குழுவுக்கு எழுதினாள். எமுலேட்டர் முதன்மைத் தொகுப்பில் ஏறியது. அன்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிறகொரு நாள், ஈறு வீங்கிக் காத்திருந்த ஒருவர் கைபேசியில் விளையாடிக்கொண்டிருந்தார். அதே மெட்டு, நடுவில் வரும் சின்ன விக்கல் உட்பட. சின்ன வயதிலிருந்து ஆடுவதாகவும், பெரிய கம்பெனியின் பழைய ஆட்டம் என்றும் அவர் வீங்கிய வாயால் பெருமையடித்தார். டோக்கன் அக்கா அந்த ஆட்டத்தின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

மாலையில் தம்பியிடம் கேட்டாள். அவன் மறுக்கவில்லை.

"எல்லாரும் பண்றதுதானேக்கா. யாரு பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேனேடா."

சத்தமில்லாமல் மெட்டை மாற்றித் தருவதாகக் கெஞ்சினான். ஏற்கெனவே எத்தனை கணினிகளுக்குப் போயிருக்கும் என்று கேட்டாள். அவனுக்குக் கோபம் வந்தது.

"அப்ப என்னைவிட அந்தக் கும்பல்தான் உனக்குப் பெருசு."

"அவங்க என்னை நம்பினாங்க. நான் உன்னை நம்பினேன்."

அவன் தட்டைத் தள்ளிவிட்டுப் போய்விட்டான். அழுதுகொண்டே குழுவுக்கு உண்மையை எழுதினாள். விளையாட்டை நீக்கினார்கள், எமுலேட்டர் வெளியே போனது. நேர்மைக்கு நன்றி சொன்னார்கள், ஒருவர்கூடக் கடிந்துகொள்ளவில்லை.

அடுத்து அவள் தானே எழுதிய ஒரு சின்ன நிரலைக் குழுவுக்கு அனுப்பினாள். இதை எழுதியவர் நீங்கள்தான் என்பதற்கு ஆதாரம் உண்டா என்று பதிலில் மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். இத்தனை வருடங்களில் அவளிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.