நாலாவது மாடியில் வந்த வலி

லிஃப்ட் பழுது பார்ப்பவருக்கு ஒரு சங்கடம் உண்டு. லிஃப்ட் ஓடாத கட்டடத்துக்குத்தான் கூப்பிடுவார்கள். மோட்டாரோ மொட்டை மாடியில் இருக்கும். படியேறித்தான் போக வேண்டும்.

இவருக்கு முப்பத்தாறு வயது. சிகரெட், குடி எதுவும் கிடையாது. இருந்தும் சில மாதங்களாகக் கருவிப் பையோடு வேகமாக ஏறினால், நாலாவது மாடியில் யாரோ நெஞ்சைப் பிடித்து அமுக்குவது போலிருந்தது. இரண்டு நிமிடம் நின்றால் வந்த சுவடே தெரியாது.

“எல்லாம் வாயுதான். நேரத்துக்குச் சாப்பிட்டாத்தானே?” என்றாள் மனைவி.

“வாயுவுக்கு மாடி எண்ணத் தெரியுமா?”

பழுதைத் தேடிப் பிடிப்பதே பிழைப்பானவர் சும்மா இருப்பாரா? ஒருநாள் மெதுவாக ஏறிப் பார்த்தார். வலியில்லை. மறுநாள் பையில்லாமல் வேகமாக ஏறினார். ஐந்தாவது மாடியில் வந்தது. மூன்றாம் நாள் பையோடு ஓடினார். கண் இருட்டி, படியிலேயே சரிந்துவிட்டார். காவலாளிதான் மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

ஈசிஜியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இதய மருத்துவரம்மா அதோடு விடவில்லை. மாடிக் கதையை முழுதாகக் கேட்டு, ஸ்கேன் எடுக்க வைத்து, படத்தை அவரிடமே காட்டினார்.

“இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோற குழாய் இது. இடது பக்கம் கிளம்பணும். உங்களுக்கு வலது பக்கம் கிளம்பி, ரெண்டு பெரிய குழாய்க்கு நடுவுல புகுந்து வருது. உக்காந்திருந்தா ஒண்ணுமில்ல. ஓடினா நசுங்குது, ரத்தம் குறையுது.”

“எப்பலேருந்து டாக்டர்?”

“அம்மா வயித்துல இருக்கும்போதே.”

“அப்ப இத்தனை வருஷம் எப்படி ஓடுச்சு?”

“அது எங்களுக்கே முழுசாப் புரியல. சில பேருக்குக் கடைசிவரைக்கும் தெரியாமலே போயிடும். சில பேரு ஓடும்போதே விழுந்துடுவாங்க. இனிமே இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம்!”

பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது ஆச்சரியம். பள்ளிக்கூடத்து ஓட்டப் பந்தயத்தில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவார். ‘சோம்பேறி’ என்று பேர் வாங்கியதெல்லாம் இதனால்தானோ?

அறுவை சிகிச்சையில் குழாயின் வாயை அகலப்படுத்தி, நெருக்கடியை நீக்கினார்கள். கூடப் பிறந்தவர்களும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது என்றார் மருத்துவர். ஊசியைக் கண்டாலே ஓட்டம் பிடிக்கும் அக்காவைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்துப் போனார். பரிசோதனை அறையிலிருந்து வந்தவள் தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எனக்கு எல்லாம் அததோட இடத்துலதான் இருக்காம். நம்ம வீட்டுல கோணல் நீ ஒருத்தன்தான்டா!”

சிரித்தால் தையல் போட்ட இடம் இன்னும் லேசாக வலித்தது. அதைப் பார்த்தால் முடியுமா? வாய்விட்டே சிரித்தார்.