போர்வையில் படுத்திருந்தது

சத்தியமாக நடந்தது இது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய் என்றால் நடுநிசியில்தான் வரும், நாய் ஊளையிடும், விளக்கு பட்டென்று அணையும் என்றெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில். ஜன்னல் திறந்திருந்தது. கீழ்வீட்டில் யாரோ ரேடியோ வைத்திருந்தார்கள். அந்த வெளிச்சத்தில்தான் நான் அதைப் பார்த்தேன்.

என் கணவரின் ஒரே தங்கையை வீட்டில் எல்லோரும் 'வாலு' என்றுதான் கூப்பிடுவோம். முப்பது வயதைத் தாண்டியும் வாய் ஓயாது. இரண்டு தடவை கர்ப்பம் கலைந்து, மூன்றாவது தங்கி ஆறு மாதமாகியிருந்தது. கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இதுவும் போனால் இன்னொரு பிரசவத்தை உடம்பு தாங்காது என்றும் என்னைத் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தார். வாலுவின் புருஷன் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர்; காலையில் போனால் இருட்டித்தான் வருவார். அதனால் மதியச் சாப்பாடு முடிந்ததும் அவளுக்குத் துணையாக நான் போய்விடுவேன்.

நான்கு நாளிலேயே அவளுக்குச் சலித்துவிட்டது.

"இந்தச் சுவத்துல எத்தனை விரிசல் இருக்குன்னு கேளுங்க அண்ணி, சொல்றேன். வேற ஏதாவது வேலை கொடுங்களேன்."

துணிக்கடையில் அந்தப் பொட்டலம் கண்ணில் பட்டது. ஒரே அளவில் வெட்டி வைத்த நாற்பத்திரண்டு சதுரத் துண்டுகள். நூல் பிரியாமலிருக்க ஓரமெல்லாம் பல்பல்லாக வெட்டி, நடுவில் ஒரு ரிப்பன் கட்டியிருந்தது. பூப்போட்டது, புள்ளி போட்டது, கோடு போட்டது என்று ஒவ்வொன்றும் ஒரு தினுசு. வெட்டுகிற வேலையே இல்லை, அடுக்கித் தைத்தால் குழந்தைக்குப் போர்வை ஆச்சு என்றாள் கடைக்காரப் பெண்.

"நீங்களா தைக்கப் போறீங்க?" வாலு சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது.

"ஏன், உங்க அண்ணன் சட்டைக்கெல்லாம் பட்டன் தைக்கிறது யாராம்?"

"ஓ… அதனாலதான் அவன் நெஞ்சைத் திறந்து போட்டுக்கிட்டு அலையறானா?"

கட்டிலை ஒட்டித் தரையில் ஒரு வெள்ளை விரிப்பைப் போட்டேன். அதன் மேல் வரிசைக்கு ஆறாக, ஏழு வரிசை. அவள் ராணி மாதிரி சாய்ந்துகொண்டு கட்டளை போடுவாள், நான் தவழ்ந்து தவழ்ந்து அடுக்குவேன். வெளிர் நிறத்துக்குப் பக்கத்தில் அடர்ந்த நிறம் வர வேண்டும். ஒரே பக்கம் அடர்த்தியாகச் சேர்ந்துவிட்டால் போர்வை கறை படிந்த மாதிரி இருக்கும்.

அதற்கும் ஒரு வழி சொல்லியிருந்தாள் கடைக்காரப் பெண்.

"நிறம் கண்ணை ஏமாத்தும்மா. அடுக்கி முடிச்சதும் போன்ல கறுப்பு வெள்ளையா ஒரு படம் எடுத்துப் பாருங்க. எங்க தப்புன்னு பளிச்சுனு தெரிஞ்சுடும்."

அன்று வியாழக்கிழமை. ஸ்டூல் மேல் ஏறி நின்று படம் எடுத்தேன்.

கடைசி வரிசையில், கட்டிலிலிருந்து எட்டத்தில், கதவுப் பக்க ஓரத்தில், அடர்ந்த துண்டுகள் நாலைந்து ஒன்றாகச் சேர்ந்திருந்தன. பூவும் கோடும் ஒன்றோடொன்று கலந்து… ஒரு தலை. வளைந்த முதுகு. மடக்கிய கால்கள்.

வாலு போனைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"ஐயே! குழந்தை படுத்திருக்கு அண்ணி! நம்ம சோம்பேறி மாதிரியே சுருண்டுக்கிட்டு."

சோம்பேறி என்பது வயிற்றிலிருந்த குழந்தைக்கு அவள் வைத்த பெயர். மற்ற குழந்தைகள் எல்லாம் அந்த மாதத்தில் உதைத்து ஊரைக் கூட்டுமாம். இது எப்போதாவது மெல்லப் புரளும், அவ்வளவுதான்.

நானும் சிரித்தேன். கீழே குனிந்து வெறும் கண்ணால் பார்த்தேன். பூ, புள்ளி, கோடு. வேறு ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த உருவம் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த மூலையிலிருந்த துண்டுகளையெல்லாம் எடுத்து, மேல் வரிசைத் துண்டுகளோடு மாற்றி வைத்தேன்.

மறுபடி படம்.

உருவம் கலையவில்லை. இடம் மாறியிருந்தது. இப்போது நடு வரிசையில் இருந்தது. படுத்திருக்கவில்லை. முட்டி போட்டிருந்தது. கைகள் முன்னால் ஊன்றியிருந்தன.

தலை கட்டில் பக்கம் திரும்பியிருந்தது.

"என்ன அண்ணி, காட்டுங்க."

"ஒண்ணுமில்லை, ஆடிடுச்சு" என்று போனை மறைத்துக்கொண்டேன். அவளுக்குத் தூக்கம் சொக்கியது. ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்க, கண்ணை மூடிக்கொண்டாள்.

நாற்பத்திரண்டு துண்டுகளையும் வாரினேன். சீட்டுக்கட்டு மாதிரி கலைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, கைக்கு வந்ததை வந்த இடத்தில் வைத்தேன். இதில் எந்த உருவமும் வர வழியே இல்லை.

ஸ்டூலில் ஏறினேன்.

கிளிக்.

முதல் வரிசை. கட்டிலை ஒட்டிய ஓரம். அது எழுந்து நின்றது. ஒரு கை மேலே நீண்டிருந்தது. அந்தக் கை, போர்வையின் விளிம்பில் முடிந்தது.

விளிம்புக்கு மேலே, அதே படத்தில், வாலுவின் தொங்கும் விரல்கள்.

இறங்கி ஓடி அவள் கையைத் தூக்கிக் கட்டில் மேல் வைத்தேன். ஜில்லென்று இருந்தது. துண்டுகளை நான் தொடவில்லை. ஒரு துண்டைக்கூட. அப்படியே திரும்பி, நின்ற இடத்திலிருந்தே இன்னொரு படம் எடுத்தேன்.

ஒன்றுமில்லை.

வெறும் சதுரங்கள். வெளிர், அடர், வெளிர், அடர். எந்த உருவமும் இல்லை.

நான் மூச்சை விட்டேன்…

"ஆ!"

வாலு துள்ளி எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு கையும் வயிற்றின் மேல்.

"அண்ணி! உதைச்சுடுச்சு! நல்லா பலமா! கையை வைங்க, சீக்கிரம் வைங்க!"

வைத்தேன். என் உள்ளங்கை எகிறியது. அவள் கண்ணில் தண்ணீர் கொட்டியது. எனக்கும்தான். படத்தையெல்லாம் மறந்தே போனேன். அவள் புருஷனுக்குப் போன் செய்து, "சோம்பேறி முழிச்சாச்சு!" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

அப்போது மணி மூன்று நாற்பது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரே கொண்டாட்டம். நான் மதியம் தைப்பேன். இரண்டிரண்டு துண்டாகச் சேர்த்து, பிறகு வரிசையாக்கி, ஒரு வரிசையின் தையலை வலது பக்கமும் அடுத்ததை இடது பக்கமும் மடித்து இஸ்திரி போடுவேன். அப்போதுதான் மூலைகள் நேராகச் சேரும். என் தையல் எறும்பு ஊர்ந்த மாதிரி இருப்பதாக வாலு கிண்டல் செய்வாள். நடுநடுவே, "ஐயோ, வலிக்குதுடா ராஸ்கல்!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

அவள் புருஷன் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தார். வயிற்றில் விரலால் இரண்டு முறை தட்டுவார். உள்ளேயிருந்து இரண்டு உதை வரும். நான்கு தட்டினால் நான்கு.

"பாருங்கக்கா, இப்பவே எண்ணத் தெரியுது! என் மூளை!"

"அப்போ நிச்சயமா ஃபெயில்தான்" என்றாள் வாலு.

சிரித்தோம். எல்லாவற்றுக்கும் சிரித்தோம். கை வைத்த இடத்தில்தான் உதைக்கிறது என்பதற்குச் சிரித்தோம். யாரும் கை வைக்காவிட்டால் கோபித்துக்கொண்டு இன்னும் பலமாக உதைக்கிறது என்பதற்குச் சிரித்தோம். ஒரு நாள் நான் அவள் முதுகைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். என் விரலுக்கடியில், தோள்பட்டைக்குக் கீழே, ஒரு உதை.

"முதுகுலகூடவா உதைக்கும்?" என்றேன்.

"இவன் எங்க வேணா உதைப்பான்" என்றாள் பெருமையாக.

அவள் உடை தளர ஆரம்பித்திருந்தது. குழந்தை வளர்ந்தால் வயிறு பெரிதாக அல்லவா வேண்டும்… முகம் வெளுத்திருந்தது. கை எப்போதும் ஜில்லென்று இருந்தது. இதையெல்லாம் பார்த்தேன். பார்த்துக்கொண்டே, போர்வைக்கு உள்ளே பஞ்சு விரித்து, அடித்துணி வைத்துத் தைத்து முடித்தேன்.

அடுத்த வாரமும் கழிந்து வந்த திங்கட்கிழமை ஸ்கேன். காலையில் கிளம்பும் முன் அவள் புருஷன் தட்டினார். பதில் வந்தது. போர்வையைப் பையில் வைத்துக்கொண்டாள் வாலு. டாக்டரம்மாவிடம் காட்டி என் தையலைக் கேலி செய்ய வேண்டுமாம்.

ஸ்கேன் அறையில் நான்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். படம் எடுக்கும் பெண் முதலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். பிறகு பேசவில்லை. கருவியை அங்கே நகர்த்தினாள். இங்கே நகர்த்தினாள். எழுந்து போய் டாக்டரம்மாவை அழைத்து வந்தாள்.

டாக்டரம்மா திரையைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"மனசைத் தேத்திக்கோம்மா. குழந்தைக்கு இதயத் துடிப்பு இல்லை."

வாலு சிரித்தாள்.

"என்ன டாக்டர் விளையாடறீங்க? இப்பவும் உதைக்குது. வேணும்னா கையை வெச்சுப் பாருங்க."

பாவம் என்று நினைத்தாரோ என்னவோ, டாக்டரம்மா கையை வைத்தார்.

சட்டென்று எடுத்துக்கொண்டார்.

எல்லோருடைய கண்ணும் திரைக்குத் திரும்பியது. அங்கே கறுப்பு வெள்ளையில் ஒரு சின்ன உருவம். தலை, வளைந்த முதுகு, மடக்கிய கால். அது அசையவில்லை. வாலுவின் வயிறு மட்டும், எங்கள் கண்ணெதிரே, எழும்பி எழும்பி இறங்கியது.

அன்று இரவே குழந்தையை வெளியே எடுத்தார்கள். பெண் குழந்தை. சுற்றுவதற்கு ஒரு துணி கொடுங்கள் என்று நர்ஸ் கேட்டாள். வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் வாலுவின் புருஷன் பையைத் திறந்து அந்தப் போர்வையை எடுத்துக் கொடுத்துவிட்டார். அதோடு சேர்த்தே புதைத்தார்கள்.

மறுநாள் டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துப் பேசினார். வாலுவைப் பார்க்காமல், மேஜையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"குழந்தையோட தோலைப் பார்த்தா தெரியும். இது நேத்து நடந்தது இல்லை. ஸ்கேன் எடுத்தப்பவே பத்து நாளுக்கு மேல ஆகியிருக்கு. பதினொண்ணா இருக்கலாம்."

என் போனில் அந்த வியாழக்கிழமைப் படங்கள் அப்படியே இருந்தன. மேஜைக்கடியில் வைத்து விரல் விட்டு எண்ணினேன். பதினொன்று.

முதல் படத்துக்குப் பிறகு எடுத்தவை பற்றி வாலுவுக்குத் தெரியாது. ஆனால் அவளும் எண்ணியிருக்கிறாள். முதல் உதை வந்த நாளை எந்தத் தாய் மறப்பாள்? அவள் வாய் கோணியது. ரொம்ப மெல்லக் கேட்டாள்.

"அப்போ… பதினோரு நாளா நான் யார்கிட்ட பேசிட்டிருந்தேன், டாக்டர்?"



அந்தக் கடைக்குப் போய் விசாரித்தேன். மில்லிலிருந்து வரும் சாதாரணப் பொட்டலம்தான். நிறையப் பேர் வாங்கியிருக்கிறார்கள். ஒரு புகாரும் இல்லை என்றாள் கடைக்காரப் பெண். நான் எதைப் பற்றிக் கேட்கிறேன் என்று அவளுக்குப் புரியவே இல்லை.

வாலுவும் அவள் புருஷனும் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். வாலு மெல்ல மெல்லத் தேறினாள். மறுபடி என் கணவரைக் கேலி செய்ய ஆரம்பித்தாள். நாங்கள் யாரும் பழையதைப் பேசவில்லை. ஒரு வருடம் ஓடிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை பகல் போன் செய்தாள்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. டாக்டர் வேண்டாம்னுதான் சொன்னாங்க. ஆனா நாள் தள்ளிப் போயிருக்கு."

"எத்தனை நாள்?" என்றேன்.

"ஆறு வாரம்."

குழந்தை உதைப்பது தெரிய ஐந்து மாதமாவது ஆக வேண்டும். அது எனக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

"உதைக்குது, அண்ணி" என்றாள். "நேத்துலேர்ந்து. அவர்கிட்ட இன்னும் சொல்லலை. நீங்க வந்து ஒரே ஒரு தடவை கை வெச்சுப் பாருங்களேன்."

நான் இன்னும் போகவில்லை.