இது போகிக்கு

என் வாழ்வின் முதல் ஜாஸ் பாட்டின் பின்பாதி எனக்கு இரத்தச் சுவையோடுதான் வந்து சேர்ந்தது. கீழுதடு பிளந்து பல்லோரம் உப்புக் கரிக்க, அப்பா விட்ட அறை காதுக்குள் ‘ங்ஙொய்’ என்று சுற்றிக்கொண்டிருக்க, அந்த இரைச்சலையும் கிழித்துக்கொண்டு எதிர்வீட்டிலிருந்து ஒரு டிரம்பெட் பாய்ந்தது. கோழியை அறுக்கும்போது அது கடைசியாகக் கத்துமே, அந்தக் கத்தலுக்கு யாரோ தாளம் கற்றுக்கொடுத்தது போலிருந்தது. சரித்திரப் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்த நான், என்னையறியாமல் அந்தத் தாளத்துக்குக் காலைத் தட்டியிருக்கிறேன். “படிக்கிறியா, சாமி ஆடுறியா?” என்று கேட்டுவிட்டுத்தான் அப்பா அறைந்தார்; கேள்விக்குப் பதிலை எதிர்பார்க்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

காஜா பெராங்கில் நாங்கள் குடியிருந்த பலகை வீட்டுக்கு எதிரே ஒரு செட்டி வீடு. மலாக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வட்டித் தொழில் செய்யும் செட்டியார்கள் வேறு, இவர்கள் வேறு. எத்தனையோ தலைமுறைக்கு முன் இங்கே வந்து இந்த மண்ணின் பெண்களை மணந்தவர்களின் வழிவந்தவர்கள். கும்பிடுவது நம் சாமிகளை, உடுத்துவது சாரோங், பேசுவது மலாய். தமிழில் அவர்களிடம் மிஞ்சியிருந்தது சாமி பெயர்களும் பண்டிகைப் பெயர்களும் ‘அண்ணே’, ‘மாமா’ போன்ற சில உறவுச் சொற்களும்தான். அப்பாவோ கப்பலேறி வந்தவர். பஸ் பட்டறையில் இரும்போடு மல்லுக்கட்டுபவர். “கை பேசினாத்தான் காது கேக்கும்” என்பது அவருடைய வேதம். பட்டறைப் பையன்கள், அம்மா, நான், சந்தில் குறுக்கே வந்த சைக்கிள்காரர்கள் எல்லோரும் அந்தக் கை பேசக் கேட்டவர்கள்.

எதிர்வீட்டில் அண்ணன் தம்பி இருவர். மூத்தவர் தேவன், ஒரு நடன வாத்தியக் குழுவில் டிரம்பெட் வாசித்தவர். மெர்டேக்கா என்ற நாட்டு விடுதலைக்கு முந்திய வருடம், கேளிக்கைப் பூங்காவின் ஜோகெட் நடன மேடையில், வாசித்த பாட்டையே மறுபடி வாசிக்கச் சொன்ன ஒரு ‘சம்செங்’கிடம் முடியாது என்று சொன்னதற்காகக் கத்திக்குத்து வாங்கி, மேடையிலேயே விழுந்து செத்தார். ரவுடிகளை எங்கள் ஊரில் அப்படித்தான் அழைப்போம். அவர் விட்டுப்போனது ஒரு பிஸ்கட் பெட்டி நிறைய அரக்கு இசைத்தட்டுகளும், சாவி கொடுத்துச் சுழலவிடும் ஒரு கிராமபோனும். இரண்டும் தம்பி கோபாலிடம் வந்தன. அவரை நான் ‘அபாங்’ என்று கூப்பிடுவேன், மலாயில் அண்ணன். அவர் மலாயில் பேசியதையெல்லாம் இங்கே தமிழில்தான் எழுதுகிறேன்.

அறை வாங்கிய மறுநாளே நான் அந்த வீட்டுக்குள் நுழைந்துவிட்டேன். தட்டைத் தொட நீட்டிய விரலில் சுளீரென்று ஓர் அடி. “கோட்டுல விரலை வைக்காதே, ஓரத்தைப் பிடி! உன் விரல்ல எண்ணெய், அது அவன் தொண்டையில இறங்கும்” என்றார் கோபால். அவன் என்பது யாரோ கடல் தாண்டி இருந்த ஒரு கறுப்பின வாத்தியக்காரன். அடியோடு பாடம் ஆரம்பித்தது. ஒரு முறை ஓடிய ஊசியை மறு தட்டில் வைத்தால் உதை. காகித வட்டத்தை ஒட்டிய வழவழப்பான ஓரத்தில் கீறியிருக்கும் எண்ணைப் படித்து, தட்டு முதல் அச்சா, பிற்பாடு மறுபடி அடித்துவிட்ட மறுபதிப்பா என்று கண்டுபிடிக்கத் தெரியாவிட்டால் கெட்ட வார்த்தை. எனக்குச் சொர்க்கமாக இருந்தது. பள்ளிக்கூட ஆங்கிலமெல்லாம் அந்த எண்களையும், தட்டில் பொடியெழுத்தில் போட்டிருந்த வாத்தியக்காரர் பெயர்களையும் விழுங்கத்தான் பயன்பட்டது. யார் இரண்டாம் டிரம்பெட், யார் பியானோ என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

தட்டு வேட்டைக்கு ஜோங்கர் தெருவுக்குப் போவோம். ஊர் திரும்பும் வெள்ளைக்காரச் சிப்பாய்களும் கப்பல்காரர்களும் தள்ளிவிட்டுப்போன தட்டுகள் அங்கே பழைய சாமான் கடைகளில் தூசியில் கிடக்கும். ஒரு நாள் கோபாலும், காவல்துறை பேண்டு வாத்தியக் குழுவில் வாசிக்கும் ஓர் ஆளும் ஒரே தட்டை ஒரே நேரத்தில் பிடித்தார்கள். “விடுடா!” “நீ விடுடா!” என்று இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, தட்டு ‘படக்’ என்று நடுவில் உடைந்தது. ஒரு கணம் இருவரும் கையிலிருந்த பாதியைப் பார்த்தார்கள். பிறகு விழுந்த குத்துகளில் கடைக்காரரின் பீங்கான் ஜாடி உருண்டது, பேண்டுக்காரரின் மூக்கு உடைந்தது, கோபாலின் சட்டை இரண்டாகியது. போகும்போது இருவரும் அவரவர் பாதியை விடாமல் எடுத்துக்கொண்டு போனார்கள்.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு தட்டு. தேவனுக்கு உயிரான டிரம்பெட் பாட்டுத்தான், ஆனால் மறுபதிப்பு; புதுக் காகித வட்டம், புது மினுமினுப்பு. பெருமையோடு கொண்டு காட்டினேன். கோபால் ஓர எண்ணைப் பார்த்துவிட்டுத் தட்டை என் மடியில் எறிந்தார். “பெட்டியில இருக்கிறது ஆள். இது அந்த ஆளோட போட்டோ.”

மெர்டேக்காவுக்குப் பிறகு வந்த முதல் போகி நெருங்கியது. செட்டி வீட்டில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். ஈரம் பட்டால் தட்டு கெட்டுவிடும் என்று கோபால் பிஸ்கட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் பள்ளியில் இருந்தேன், எனக்கு இது தெரியாது. வாசலில் அப்பா. கோபால் தமக்குத் தெரிந்த தமிழையெல்லாம் திரட்டிச் சொன்னது மூன்றே சொல்: “அண்ணே, இது போகிக்கு.” அப்பா தலையசைத்து, பெட்டியைப் பின்கட்டில் வைத்துக்கொண்டார்.

அப்பாவுக்குப் போகி என்றால் நெருப்பு. கிழிந்த பாய், தேய்ந்த துடைப்பம், உளுத்த கூடை எல்லாவற்றையும் விடியற்காலையில் வாசலில் குவித்துக் கொளுத்துவார். எங்கள் சந்தில் அவர் ஒருவர்தான் அதைச் செய்தார். எதிர்வீட்டுக்குப் போகி என்றால் ‘பார்ச்சு’. செத்தவர்கள் அன்று வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். அவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் வாழையிலையில் படைத்து, கதவைச் சாத்தி, அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை உயிரோடிருப்பவர்கள் வெளியே காத்திருப்பார்கள். கள் பிடித்தவருக்குக் கள், சுருட்டுப் பிடித்தவருக்குச் சுருட்டு. தேவனுக்கு அந்தப் பெட்டி.

புகையின் நாற்றத்தில்தான் விழித்தேன். பாய் எரியும் புகை அல்ல. தொண்டையைப் பிறாண்டும் கறுத்த புகை. ஓடிப்போய்ப் பார்த்தால் பெட்டி அடித்தளமாக, தட்டுகள் நெருப்பில் அப்பளம்போல் நெளிந்து, தொங்கி, ஒன்றின்மேல் ஒன்று வழிந்துகொண்டிருந்தன. நெருப்புக்குள் கையை விட்டேன். அகப்பட்டது தட்டு இல்லை, கொதிக்கும் பிசின்; விரல்களோடு ஒட்டிக்கொண்டது. அலறினேன். அப்பா கையிலிருந்த கழியால் என் முதுகில் ஓங்கிப் போட்டு, “அறிவு கெட்டவனே, நெருப்புலயா கையை விடுவ?” என்று தரதரவென்று இழுத்தார்.

என் அலறல் கேட்டுக் கோபால் வெளியே வந்தார். ஒரு கணம் நின்று பார்த்தார். உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் தேங்காய் வெட்டும் ‘பாராங்’ இருந்தது.

முதல் வெட்டு அப்பாவின் முன்கையில் இறங்கியது. அப்பா எரிகிற கட்டையை உருவி எடுத்துக் கோபாலின் தலையில் அறைந்தார். தீப்பொறி சிதறியது, முடி பொசுங்கியது, இரத்தம் நெற்றி வழியே இறங்கியது. அம்மா நடுவில் பாய்ந்து அப்பாவின் முழங்கை பட்டுச் சாய்ந்தாள்.

“போகிக்குன்னு நீதானடா சொன்ன!” என்று கத்தினார் அப்பா.

“போகிக்குத்தான்! என் அண்ணனுக்கு!” என்று மலாயில் கத்தினார் கோபால்.

கோபாலின் தாயார் ஓடிவந்து, “இன்னிக்கு அவன் சாப்பிட வருவானே, இன்னிக்கு வருவானே” என்று மலாயில் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அப்போதுதான் ஒரே சொல் சந்துக்கு இந்தப் பக்கம் ஒன்றாகவும் அந்தப் பக்கம் ஒன்றாகவும் இருந்தது அப்பாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். முகம் அப்படி மாறியது. ஆனால் அவர் வாய் அவர் கையைப் போலத்தான். “செத்தவன் பாட்டுக் கேக்கவா வருவான்?” என்றார். கோபால் மறுபடியும் பாராங்கை ஓங்கினார்.

அந்த நேரத்தில் முனையிலிருந்த காப்பிக்கடை முதலாளியான சீனத் தவுக்கே, தம் ஆட்கள் செத்தவர்களுக்குக் காகித வீடும் காகிதத் துணியும் எரித்து அனுப்புகிற நினைவில், சமாதானமாக மலாயில் கூவினார்: “சூடா பாக்கார், சூடா சம்பாய் லா! எரிச்சாச்சு, போய்ச் சேர்ந்தாச்சு!”

“என் அண்ணன் சீனன் இல்லடா!” என்று கோபால் அவர் பக்கம் திரும்பிக் கத்தினார். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். கோபாலுக்கு உதடு கோணியது. சிரிப்பா அழுகையா என்று அவருக்கே தெரியாத அந்த இடத்தில் ஆட்கள் அவரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்கள்.

பொழுது சாயும் நேரத்தில், தலையில் கட்டோடு கோபால் எங்கள் சன்னல் ஓரம் வந்து நின்றார். அப்பாவைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: “அந்தப் போட்டோவைக் குடு.”

நான் அப்பாவைப் பார்த்தேன். தையல் போட்ட கையை மார்பில் வைத்துச் சாய்வு நாற்காலியில் கிடந்தவர் சுவரைப் பார்த்தபடி, “குடுத்துட்டு வா” என்றார். பிறகு, “ஓரத்தப் புடிச்சுத் தூக்கு” என்றார். இதை அவர் எப்போது, எங்கிருந்து கவனித்தார் என்று எனக்கு இன்றும் தெரியாது.

இலை போட்டு, என் மறுபதிப்பைச் சுழலவிட்டு, கதவைச் சாத்தினார்கள். வெளியே நின்றோம். டிரம்பெட் வீறிட்டது, இறங்கியது, முடிந்தது. அதன்பின் ஊசி மட்டும் ‘கர்ரக் கர்ரக்’ என்று தட்டின் வெறும் உள்ளோரத்தைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. சாவி தளர்ந்து அதுவாக அடங்கும்வரை. நடுவில் கதவைத் திறக்கக் கூடாது. திறந்தபோது கோபால் முதலில் உள்ளே போய் இலையைப் பார்த்தார். “போட்டோன்னு திட்டியிருப்பான். ஆனா சாப்பிட்டான்” என்றார். அடுத்த வருடப் போகிக்கு அப்பா ஒரு துடைப்பத்தைக்கூடக் கொளுத்தவில்லை.

இன்று அரக்குத் தட்டு அச்சாவதே இல்லை. கீழே விழுந்தாலும் உடையாத, நெடுநேரம் ஓடும் தட்டுகளில் பழைய பாட்டுகளையெல்லாம் மூட்டை கட்டி, இரைச்சலைத் துடைத்து, மறுபதிப்பாக அனுப்புகிறார்கள்; ஊரெல்லாம் போட்டோக்கள். ஜோங்கர் தெருவில் நாங்கள் தட்டு தேடிய கடை இருந்த இடத்தில் டிரான்சிஸ்டர் வானொலிகள் தொங்குகின்றன. கிராமபோன் ஊசி கேட்டால் தையல் ஊசியைக் காட்டுகிறார்கள். அப்பாவும் இல்லை, போன மழைக்காலத்தில், பட்டறையில், மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

இந்தப் போகிக்குக் கோபால் என்னைக் கூப்பிட்டனுப்பினார். போனேன். தேவனின் இலைக்குப் பக்கத்தில் புதிதாக ஓர் இலை போட்டிருந்தது, வெறுமையாக.

“உன் அப்பாவுக்கு. அவருக்கு என்ன பிடிக்கும்?” என்றார்.

அம்மா கிள்ளான் ஊரில் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள், கேட்க ஆளில்லை. உலகத்தின் மறுகோடியில், நான் பிறப்பதற்கு முன், ஏதோ ஓர் அறையில் நடந்த ஒலிப்பதிவில் இரண்டாம் டிரம்பெட் வாசித்தவன் பெயர் எனக்கு நாக்கு நுனியில் இருந்தது. எங்கள் வீட்டுச் சமையலறையில் அப்பா எதை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் என்பது தெரியவில்லை.

கோபால் என்னை மேலும் கீழும் பார்த்தார். “இத்தனை வருஷம் அந்தக் கையால அடி வாங்கினியே, அந்தக் கை என்ன சாப்பிடும்னு ஒரு நாள்கூடப் பாக்கலியா?”

பார்க்கவில்லை. இலையில் வெறும் சோறு மட்டும் வைத்தோம். கதவைச் சாத்தினார்கள்.