பல்லை மறந்த படம்

என் மாமா மகளை வீட்டில் மசி என்றுதான் கூப்பிடுவோம். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத மை அவள் நகக்கண்ணில் இருக்கும். படிப்பு முடிந்ததும் எங்கள் வீட்டுப் பின்னறையில் தங்கிக்கொண்டு, ஒரு பாடநூல் நிறுவனத்தில் ஓவியராகச் சேர்ந்தாள். ஓவியர் என்பது பேச்சுக்கு. நான்கு வருடமாக வரைந்தது வெங்காயத் தோலும் தவளைக் குடலும்.

"தவளை சிரிக்கிற மாதிரி இருக்கேம்மா, பாடப் புத்தகத்துல என்ன சிரிப்பு?" என்று பொறுப்பாசிரியர் திருப்பி அனுப்புவார். தவளையின் சிரிப்பை அழித்துவிட்டு வந்து எங்கள் மேல் எரிந்து விழுவாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அச்சோவியப் பட்டறை ஒன்று வருடத்துக்கு ஒரே ஒரு புதியவரைச் சேர்த்துக்கொள்ளும். சேர்ந்தால் அங்கிருக்கும் பெரிய இயந்திரத்தில் வருடம் முழுக்க இஷ்டம்போல் அச்சடிக்கலாம். அதற்கு ஒரே படத்தின் பத்துப் பிரதிகளைக் கொடுக்க வேண்டும். பத்தும் இம்மி பிசகாமல் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிவிட்டார்கள். "இந்தத் தடவையும் இல்லேன்னா நான் தவளையோடயே செத்துப்போறேன்" என்றாள்.

இந்த முறை என் அம்மாவை வரைவதென்று முடிவானது. முடிவெடுத்தது அம்மாதான். அப்போதுதான் பல் செட் கட்டியிருந்தாள். "எப்படி வேணா வரைடி, ஆனா பல்லு தெரியணும்" என்று சொல்லிவிட்டு, மூன்று நாள் ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்தாள். கூடவே பேசினாள். பேச்சை நிறுத்தும் பழக்கம் அம்மாவுக்குக் கிடையாது.

மசி வேலை செய்வது லினோலியம் என்ற மெத்தென்ற ஒரே தகட்டில். செதுக்கிய இடத்தில் மை ஒட்டாது. வெள்ளையாக நிற்க வேண்டிய இடங்களை முதலில் செதுக்கிவிட்டு, எல்லாத் தாளிலும் மஞ்சள் அடிக்க வேண்டும். பிறகு மஞ்சளாக நிற்க வேண்டியதைச் செதுக்கிவிட்டு அதன்மேல் சிவப்பு. கடைசியில் கருநீலம். ஒரு நிறம் ஏறிவிட்டால் திரும்பிப் போக வழியில்லை. அம்மா பெரியம்மா வீட்டுச் சண்டையை ஆதியோடந்தமாகச் சொல்லிக்கொண்டிருந்த சுவாரசியத்தில், மசி ஜன்னல் வெளிச்சத்தைச் செதுக்கினாள், நரைமுடியைச் செதுக்கினாள், கம்மலின் மினுக்கைக்கூடச் செதுக்கினாள். பல்லை மறந்துவிட்டாள்.

உபரி இரண்டையும் சேர்த்துப் பன்னிரண்டு தாளிலும் மஞ்சள் காய்ந்த பிறகுதான் பார்த்தாள். அத்தனையிலும் அம்மா எலுமிச்சை நிறப் பல்லோடு சிரித்துக்கொண்டிருந்தாள். கையால் வெள்ளை பூசினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முதலிலிருந்து தொடங்க நாளும் இல்லை. என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிட்டு அழுதாள். அழுது முடித்ததும் பல்லின் மேலேயே சிவப்பை ஏற்றி, நடுவே கருநீலத்தில் ஒரு கோடு விட்டு, வாயை மூடிவிட்டாள்.

அப்பா அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். "முப்பது வருஷமா பார்க்காத முகம்" என்றார்.

"ஏன்டி மூடிட்டே?" என்றாள் அம்மா.

"அதெல்லாம் கலை அத்தை. சொன்னா உங்களுக்குப் புரியாது."

அம்மா அதற்குமேல் கேட்கவில்லை. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

தேர்வு நாளன்று மசியும் அம்மாவும் நானும் பட்டறைக்குப் போனோம். அட்டைக்கு நடுவே பத்துப் பிரதிகளை வைத்துத் தூக்கி வந்தது நான். மேஜைக்கு அந்தப் பக்கம் மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிய ஒரு பெரியம்மணி, பட்டறையின் தலைவி. படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வாய் ஏன் இவ்வளவு இறுக்கமா மூடியிருக்கு?" என்றார்.

"அது காலங்காலமா அடக்கி வைக்கப்பட்ட ஒரு பெண்ணோட மௌனம்" என்றாள் மசி, மனப்பாடம் செய்து வந்ததைப் பிசகாமல்.

என் அம்மாவை அடக்கியவர் யார் என்று எனக்குத் தெரியாது. அப்படி ஒருவர் இருந்திருந்தால் அப்பா தேடிப்போய்க் கும்பிட்டிருப்பார். பெரியம்மணியோ தலையாட்டிக்கொண்டே எழுத ஆரம்பித்தார்.

திரும்பிப் பார்த்தேன். அம்மா கையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா?"

"என் பல்லு அவ்வளவு அசிங்கமாவா இருக்கு?" என்றாள் மெதுவாக. "அதான் வரையலையோன்னு ரெண்டு நாளா நெனச்சிட்டிருக்கேன். என்னன்னு சொல்லிடச் சொல்லுடி அவளை."

 பெரியம்மணி கையில் ஓடிக்கொண்டிருந்த பேனாவை மசி ஒரு தடவை பார்த்தாள், அம்மாவை ஒரு தடவை பார்த்தாள்.

"மறந்துட்டேன் அத்தை" என்றாள். "வெள்ளையை முதல்லயே செதுக்கியிருக்கணும். நான் மறந்துட்டேன். மௌனமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. உங்க பல்லு அழகா இருக்கு."

பேனா நின்றது.

"மறந்துட்டியா!" அம்மா கையை எடுத்தாள். "மூணு நாள் தாடை வலிக்க வலிக்க இளிச்சிட்டு உட்கார்ந்திருந்தேனே, மறந்துட்டியா! கம்மல் ஞாபகம் இருந்துச்சு, பல்லு மறந்துபோச்சா?" கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள்.

பெரியம்மணி கண்ணாடியைக் கீழே இறக்கிப் பத்துப் பிரதிகளையும் மேஜைமேல் பரப்பினார். ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். எழுதிய தாளில் மௌனத்தை அடித்துவிட்டு, "தப்பைக்கூடப் பத்துத் தடவையும் ஒரே மாதிரி பண்ணியிருக்கீங்க. திங்கட்கிழமை பட்டறைக்கு வந்துடுங்க" என்றார்.

மசி என் கையைப் பிடித்த பிடியில் எலும்பு நொறுங்கியிருக்கும். அம்மாவுக்கு எதுவும் காதில் விழவில்லை. அவள் இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள்.