சாமியின் மனமாற்றம்

பெரியப்பாவுக்குச் சாமி வந்து நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மலைமேல் வாழவந்தி நாட்டில் எங்கள் ஊர்க் கோயிலுக்கு அவர்தான் பூசாரி. கண் செருக, வேப்பிலையை வாயில் கவ்வி ஆடுவார். ஆட்டம் எவ்வளவு உக்கிரமானாலும் இடுப்பு வேட்டி மட்டும் அவிழாது. அவ்வளவு விழிப்பான சாமி.

நான் பள்ளியில் படித்தபோது ஒரு திருவிழாவில், முதலில் வெட்டும் கிடா எங்களுடையதா பக்கத்து ஊருடையதா என்று தகராறு. பக்கத்து ஊர் என் அம்மா பிறந்த ஊர். முந்த வந்தவன் ரத்தம் வேண்டும் என்று சாமி கேட்பதாகப் பெரியப்பா ஆடியபடியே சொன்னார். எங்கள் பங்காளி ஒருவன் கொடுவாளை வீசினான். கிடாவின் கயிற்றைப் பிடித்திருந்த என் தாய்மாமனின் வலது கை விரல்கள் மண்ணில் கிடந்தன.

சாமி கேட்டதற்கு வழக்கு ஏது என்று ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்தார்கள். பாட்டன் காலத்தில் அதே கோயிலில் தலையே விழுந்திருக்கிறதாம். விரலோடு போனது கருணையாம். மாமாவின் மனைவி, என் அத்தை, மறுநாள் காலை பஸ் பிடித்து அடிவாரம் போய், போலீஸ் ஸ்டேஷனில் வெட்டியவன் பெயரோடு வெட்டச் சொன்னவர் பெயரையும் எழுதிக் கொடுத்தாள். ஜீப் வந்தது. அதில் ஏறும்போது பெரியப்பாவுக்குச் சாமி வரவில்லை.

ஜாமீனில் திரும்பியவருக்கு அடுத்த திருவிழாவில் மறுபடி வந்தது. எலுமிச்சம்பழம் போதும் என்றது. அதன்பின் எங்கள் பக்கம் கொடுவாள் விறகுக்கு மட்டும்தான் எழுந்தது. ரோடு, கோர்ட்டு, வெட்டியவனும் வெட்டுப்பட்டவனும் ஒரே பஸ்ஸில் இடித்துக்கொண்டு போக வேண்டிய கட்டாயம் எல்லாம் சேர்ந்து மனிதர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அடக்கின. சாமி கடைசியாக வந்து சேர்ந்தது. வந்ததும் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டது.

இந்த ஆண்டு திருவிழாவில் பெரியப்பா மைக் பிடித்தார். கத்தியைக் கீழே போடச் சொன்னதே நம் சாமிதான், பக்தி இருப்பதால்தான் இந்த மலையில் ரத்தம் சிந்துவதில்லை என்றார். கூட்டம் கைதட்டியது. மாமாவும் விரலில்லாத கையை இன்னொரு கையோடு சேர்த்துத் தட்டினார். சத்தம் வரவில்லை.

அத்தை எழுந்தாள். “ஏனுங்கண்ணா, சாமி அதை எப்பச் சொல்லுச்சுங்க? நான் பஸ் ஏறுறதுக்கு முந்தியா, பொறகா?”

“சாமி காரியத்துக்குப் போலீசக் கூட்டியாந்தவளுக்கு இங்க என்ன பேச்சு?” என்றார் பெரியப்பா, மைக்கிலேயே.

கூட்டம் அத்தையைத்தான் முறைத்தது. சிலர் வாய்விட்டே திட்டினார்கள். விபூதித் தட்டு அவளைத் தாண்டிப் போனது. ஆனால் ஒருவர் கையும் ஓங்கவில்லை. அவளுக்கு ஸ்டேஷனுக்கு வழி தெரியும் என்பது, சாமி உள்பட, அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது.