தார்ப்பாய்க்கு அடியில் நின்ற வண்டி

என் கையெழுத்து கோணலாக இருக்கும். சின்ன ரவும் பெரிய றவும் இடம் மாறிக் கிடக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆள் எதிரே இருந்தால் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

குவைத்துக்கு வந்த புதிதில் ஒரு சின்ன விஷயம் எனக்குப் பிடிபடவே இல்லை. நான் ஒரு அரபி வீட்டில் டிரைவர். அவரை வேலைக்காரர்கள் எல்லோரும் பாபா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய பெரிய வண்டியின் கண்ணாடி ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். எத்தனை கிலோமீட்டரில் அடுத்த ஆயில் மாற்ற வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். மீட்டர் அந்த எண்ணை நெருங்கினால் கராஜுக்கு ஓட்டிப் போக வேண்டும். வண்டியில் ஒரு சத்தமும் இருக்காது, ஒரு நோவும் இருக்காது. ஆனாலும் மேலே தூக்கி நிறுத்தி, அடியில் விளக்கைப் பிடித்துப் பார்த்து, நன்றாக இருக்கிற பெல்ட்டைக்கூடக் கழற்றிப் போடுவார்கள். எங்கள் மரக்காணம் பக்கத்தில் வண்டி நடுரோட்டில் நின்றால்தான் மெக்கானிக்கைத் தேடுவோம். நல்ல வண்டிக்கு எதற்கு இவ்வளவு செலவு என்று ஒருமுறை பாபாவிடம் கையை ஆட்டி ஆட்டிக் கேட்டேன். தனியாகப் போக எனக்குப் பயம் என்று நினைத்துக்கொண்டார். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "யல்லா, யல்லா" என்று கிளம்பச் சொல்லி, கராஜ் வரைக்கும் கூடவே வந்தார்.

சுனாமி வந்த அன்று முழுக்க ஊருக்குப் போன் கிடைக்கவில்லை. என் மனைவி அஞ்சலை உப்பளத்தில் வேலை செய்பவள். அவள் அன்று வேலைக்குப் போனாளா, வீட்டில் இருந்தாளா, ஒன்றும் தெரியாது. மறுநாள்தான் அவள் குரலைக் கேட்டேன். "நான் இருக்கேன் மாமா, அழுவாத" என்றாள். அழுதது நான்தான். இந்த விசா முடிந்ததும் ஊரோடு போய்விடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். இரண்டு மாத லீவில் வந்தபோது புதுச்சேரியில் ஒரு பழைய அம்பாசிடர் விலைக்கு வந்தது. ஊரில் வாடகைக்கு ஓட்டலாம், கையில் காசாக இருந்தால் கரைந்துவிடும் என்று வாங்கிப் போட்டேன். விசா முடிய இன்னும் ஒரு வருஷம் இருந்தது. அதுவரை வேறு டிரைவரை வைத்து ஓட்டச் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை. நானே வந்து ஓட்டுவேன், அதுவரை வீட்டு வாசலில் நிற்கட்டும் என்றேன். பாபாவின் வண்டிகளுக்கு உறை போட்டுப் பழகிய நினைப்பில், வெயில் படாமல் மூடி வை என்று அஞ்சலையிடம் சொல்லிவிட்டு விமானம் ஏறினேன்.

வெள்ளிக்கிழமை தோறும் போன் பேசுவேன். என்ன பேசுவது என்று தெரியாமல் முதலில் வண்டியைத்தான் விசாரிப்பேன்.

"இன்னா மாமா, பொண்டாட்டி எப்பிடி இருக்கான்னு கேக்கத் தோணாதா உனக்கு?"

"நீதான் பேசுறியே. வண்டி பேசுமா?"

"பேசும், பேசும். எப்ப வருவான் அந்த ஆளுன்னு என்னை அரிச்சி எடுக்குது. தார்ப்பா போட்டு மூடி, சுத்திலும் கல்லு வெச்சிட்டேன். வாரம் ஒருக்கா தொறந்து தொடைக்கிறேன். நீ வந்துட்டா அப்புறம் போவ மாட்ட இல்ல?"

"போவ மாட்டேன்."

"வண்டி மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். தார்ப்பாய் என்றதும் கடையில் விற்கிற நீலத் தார்ப்பாயை நினைத்துக்கொண்டேன். அவள் போட்டது அது இல்லை. மழைக்காலத்தில் உப்புக் குவியலை மூடுகிற தடித்த தார்ப்பாய். சீசன் முடிந்து கழித்துப் போட்டதை உப்பள முதலாளியிடம் கேட்டு வாங்கி, தலையில் சுமந்து வந்திருக்கிறாள். உப்பு இரும்பைத் தின்னும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாத்தியில் உப்பு வாரக்கூட மரப்பலகைதான் பிடிப்போம். ஆனால் தார்ப்பாய் என்பது எங்களுக்குக் காப்பாற்றுகிற பொருள். மழையில் உப்பையே கரையாமல் காப்பாற்றுவது வண்டியைக் காப்பாற்றாதா என்று அவள் நினைத்தாள். நான் ஊரில் இருந்திருந்தாலும் அதைத்தான் எடுத்துப் போட்டிருப்பேன்.

இந்த வருஷத் தொடக்கத்தில் விசா முடிந்து ஊருக்குப் போனேன். வாசலில் வண்டி பளபளவென்று நின்றது. கதவு ஓரத்தில் பெயின்ட் அங்கங்கே கொப்புளம் விட்டிருந்தது, வெயிலில் அப்படித்தான் ஆகும் என்று விட்டுவிட்டேன். புது பேட்டரி மாட்டி, கோட்டக்குப்பத்தில் சாதிக் பாய் ஒர்க்‌ஷாப்பில் சர்வீசுக்கு விட்டு, ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.சி. வாங்கிவிட்டால் மறுநாளே சவாரிக்குப் போகலாம் என்று கணக்கு. அஞ்சலை புதுப் புடவை கட்டிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள். சர்வீஸ் முடிந்ததும் புதுச்சேரி பீச்சுக்குப் போக வேண்டும் என்றாள். வழியெல்லாம் கண்ணாடியை இறக்குவதும் ஏற்றுவதுமாக வந்தாள். பொம்மையார்பாளையம் தாண்டும்போது, "ஏசி வண்டி மாதிரியே இருக்குது" என்றாள். எல்லாக் கண்ணாடியும் திறந்திருந்தது.

சாதிக் பாய் எனக்குப் பழக்கமானவர், வாய் கொஞ்சம் அதிகம். வண்டியைப் பள்ளத்தின் மேல் நிறுத்தச் சொல்லிக் கீழே இறங்கினார். டக் டக்கென்று தட்டிக்கொண்டே போனவர் ஓர் இடத்தில் நிறுத்தினார். திருப்புளியால் லேசாகத்தான் குத்தினார். அது தரைத்தகட்டைத் துளைத்துக்கொண்டு, அஞ்சலை கால் வைத்திருந்த இடத்தில் மேலே வந்தது.

"ஏம்பா ஏழுமலை, வண்டிய கடலுக்குள்ள நிறுத்தி வெச்சிருந்தியா?"

அஞ்சலைதான் பெருமையாகச் சொன்னாள். "வாசல்லதான் பாய் நின்னுது. தார்ப்பா போட்டு இழுத்துக் கட்டி வெச்சிருந்தேன். ஒரு எறும்பு உள்ள போயிருக்காது. டிக்கியிலதான் இருக்குது, பாருங்க."

பாய் மேலே வந்து டிக்கியைத் திறந்தார். தார்ப்பாயின் மடிப்பில் விரலை ஓட்டி நாக்கில் வைத்தார்.

"யா அல்லா. உப்ப மூடுற தார்ப்பாயாம்மா இது? காத்து போவ வழியில்லாம வேற கட்டியிருக்கீங்க. கருவாட்டுக்கு மீனை ஊற வெச்ச மாதிரி ஊறிப் போச்சே வண்டி."

அஞ்சலை வண்டியை விட்டு இறங்கினாள். தார்ப்பாயைத் தொட்டாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். பாத்தியில் நின்று நின்று வெடித்துப்போன கை.

"கழுவினா போயிடுமா பாய்?"

சாதிக் பாய் என்னைப் பார்த்தார். அவருக்கு அப்போதுதான் விளங்கியது. "சேச்சே, தார்ப்பாயால இல்லம்மா. நான் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன். பழைய வண்டி இல்லையா, முந்தி வெச்சிருந்தவன் சரியா பாக்கல" என்று வாய் கூசாமல் பொய் சொன்னார். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். ஒரு வார்த்தையும் நம்பவில்லை.

என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். தரைத்தகடு, சேசிஸ், நான்கு கதவின் அடி, எல்லாம் வெட்டி வெல்டிங் வைக்க வேண்டும். வாங்கின விலையைவிடக் கூட ஆகும். செய்தாலும் எஃப்.சி.யில் நிற்குமா என்பதற்கு அவர் பொறுப்பில்லை. எஞ்சின் மட்டும் நன்றாக இருக்கிறதாம். நல்ல நெஞ்சை வைத்துக்கொண்டு காலும் கையும் போனவனைப் போல வண்டி அங்கே நின்றது. மறுவாரம் அங்கிருந்தே காயலாங்கடைக்குப் போனது.

அன்றைக்கு நாங்கள் பீச்சுக்குப் போகவில்லை. பஸ்ஸில்தான் திரும்பினோம். அவளுக்கு ஜன்னல் ஓர சீட்டு கிடைத்தது. எங்கள் ஊர் உப்பளம் கண்ணுக்குத் தெரிந்ததும் என் பக்கம் திரும்பாமலே, "நான்தான் உன்னத் திருப்பி அனுப்புறேன், இல்ல மாமா?" என்றாள். இல்லை என்று நான் உடனே சொல்லியிருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து என்னிடம் உள்ள வியாதி அன்றைக்கும் என்னைப் பேச விடவில்லை. அவள் கையை மட்டும் எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அது பதிலாக அவளுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று இன்று வரை தெரியாது.

பாபா மறுபடியும் விசா அனுப்பினார். குவைத் விமான நிலையத்திலிருந்து வந்ததும், ஏன் முகம் இப்படி இருக்கிறது என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அரபியில், "சய்யாரா மௌத்" என்றேன். வண்டி செத்துவிட்டது என்று சொன்னதாக எனக்கு எண்ணம். என் வீட்டில் யாரோ வண்டியில் அடிபட்டு இறந்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார். என் தோளைப் பிடித்து, இரண்டு கையையும் ஏந்தி துவா செய்தார். நான் திருத்தவில்லை. அந்த வண்டிக்காக வேறு யாரும் துக்கம் விசாரிக்க வரவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமை போனில் அஞ்சலையை மட்டும்தான் விசாரிக்கிறேன். எங்கள் இரண்டு பேருக்கும் சீக்கிரம் பேச்சு தீர்ந்துவிடுகிறது. வேலைக்கு நேரமாகிறது என்று வைத்துவிடுகிறாள்.

இங்கே ஆறு இல்லை, ஏரி இல்லை. கடல் தண்ணீரை எடுத்து, உப்பைப் பிரித்துவிட்டுத்தான் குழாயில் விடுகிறார்கள். அந்தத் தண்ணீரில்தான் காலையில் பாபாவின் வண்டியைக் கழுவுகிறேன். அந்த நேரத்தில் அஞ்சலை பாத்தியில் இறங்கியிருப்பாள். கடலில் இருந்து உப்பை அவள் வாரிக்கொண்டிருக்கிறாள், மிச்சத் தண்ணீர் என் கையில் ஓடுகிறது.

2006 ஆகஸ்ட் 11, வெள்ளிக்கிழமை.